உறுதியை முழுவதும் விரித்துக் காட்டுவோம்!

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. வாசகர் பயன் கருதி வெளியிடப்படுகிறது.)

   

இவ்விழாவிற்கு எம்மை அழைக்க வந்த இளைஞர்கள் இரண்டு நிபந்தனைகளை விதித்தனர். நம் நாட்டுச் சரித்திரத்திலே பலரும் அறியாத சிறு செய்திகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. அரசியல் பேசக் கூடாது என்பது மற்றொன்று. முதல் நிபந்தனையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம். இரண்டாவதை ஏற்க முயல்வோம். செய்திகளை மட்டுமே சொல்வோம். அவற்றின் பின்னே அரசியல் தானாக நடந்து வந்தால், அது எமது குற்றமன்று!

நல்லூர் இராசதானியின் பெருமையையும் சங்கிலி மன்னனின் முடிவையும் மேடைதோறும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை இன்று நாம் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீதிமன்றத்திலே பல்லாண்டு நின்ற அனுபவத்திலே ஒன்று கண்டோம். பெரிய சொற்கள் வழக்கை வெல்வதில்லை. சிறு செய்திகளே வெல்கின்றன.

கிணற்றுப் பங்கு

ஒரு வழக்கைச் சொல்கிறோம். கமக்காரர் ஒருவர் எம்மிடம் வந்தார். நான்கு பங்காளர்க்குச் சொந்தமான கிணறு. கிழமையில் இரண்டு நாள் இறைப்புத் தமக்குரியது என்றார். மற்றவர்கள் ஒரு நாளே என்றார்கள். இரு பகுதியினரும் தத்தம் பாட்டனார் பெருமையை மணிக்கணக்காகப் பேசினார்களே ஒழிய, கையிலே ஆதாரம் ஒன்றுமில்லை. ஈற்றில் அவருடைய பாட்டியாரின் பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு பழைய சீதன உறுதி வெளிவந்தது. அதிலே, கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் குறிக்கும் இடத்திலே, இரண்டு நாள் என்று ஒரே ஒரு வரி இருந்தது. வழக்கு முடிந்தது என்று எண்ணினோம்.

அப்பொழுது அவர் எம்மருகே குனிந்து, “ஐயா, இந்த முதல் பக்கத்தை மட்டும் காட்ட இயலாதோ?” என்று கேட்டார். ஏன் என்று புரட்டிப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்திலே, வடக்கு எல்லையால் அயலவர் தோட்டத்திற்குச் செல்ல நடைபாதை விட வேண்டும் என்றிருந்தது. அப்பாதையை அவர் வேலியடைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன!

“அண்ணை, உறுதியிலே பாதியைக் காட்டி மீதியை மடித்து வைக்கச் சட்டம் இடம் தராது. தண்ணீர் வேண்டுமானால் பாதையை விடும்” என்றோம். இரண்டு நாள் யோசித்தார். பின்பு வேலியைப் பிரித்தார். தண்ணீரும் கிடைத்தது.

இச்சிறு வழக்கை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் சொல்லப் போகும் செய்திகள் யாவும் அந்த உறுதியின் பக்கங்களே.

தீவுகளுக்கு வைத்த பெயர்

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கைப்பற்றியதும் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு றொட்டர்டாம். எழுவைதீவு ஹூர்ண். நெடுந்தீவு டெல்வ்ற்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் ஹமென்ஹீல். அதன் பொருள் யாது தெரியுமா? பன்றித் தொடையின் குதி! இலங்கைத் தீவின் படம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையாகத் தோன்றிற்று. அதன் குதிகாலிலே நம் குடாநாடு அமைந்தது. நமக்கு மாங்கனியாகத் தோன்றும் நாடு, உண்ண வந்தவனுக்கு இறைச்சியாகத் தோன்றியது இயல்பே அன்றோ!

இப்பெயர்களிலே இன்று வழங்குவது எத்தனை? டெல்வ்ற் ஒன்றே ஆங்கிலப் படங்களிலே நிலைத்தது. ஏனையவை மறைந்தன. அவற்றை எதிர்த்து யாரும் போர் தொடுக்கவில்லை; கூட்டம் கூட்டவில்லை. மீன் விற்ற கிழவியும் தோணி தள்ளிய வலைஞனும் தம் தாய் சொன்ன பெயரையே சொல்லிக்கொண்டிருந்தனர். அதிகாரத்தின் பெயர் தேசப்படத்திலே இருந்தது; மக்களின் பெயர் வாயிலே இருந்தது. முந்நூறு ஆண்டுகளின் பின் வாயே வென்றது. ஒரு குளத்திற்கும் ஒழுங்கைக்கும் பழைய பெயரைச் சொல்லி வருவதும் உரிமையைக் காப்பதாகும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஒல்லாந்தன் எழுதிய நம் சட்டம்

கமக்கார அன்பர்களே! காணி வாங்கும் போதும் விற்கும் போதும் தேசவழமை, தேசவழமை என்று கேட்டிருப்பீர்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் உங்கள் வீட்டுச் சொற்கள். அச்சட்டத்தை எழுதி வைத்தவர் யார்? கிளாஸ் ஈசாக்சு என்னும் ஒல்லாந்து அதிகாரி! 1706ஆம் ஆண்டு தேசாதிபதி சைமன்ஸ் கட்டளையிட, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிலே பழகிய அம்மனிதர் நம் வழக்கங்களைத் திரட்டி, 1707ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தம் மொழியிலே எழுதி முடித்தார். பின்பு அது தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்துச் சரியென ஒப்புக்கொண்ட பின்னரே நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது.

ஆகவே, நம் முன்னோரின் வழக்கம் நமக்குச் சட்டமாகக் கிடைத்தது, பிறமொழியிலே எழுதி மீண்டும் தமிழுக்கு வந்த ஏட்டின் வழியாகவே. இதற்கு நாணவும் வேண்டாம். பெருமை கொள்ளவும் வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்நியன் ஆண்ட காலத்திலும், இம்மக்களுக்கு இவர்களுடைய வழக்கத்தின்படியே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அவன் எழுதி வைத்தான். பின்வந்த ஆங்கிலேயரும் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் வாயிலாக அதனை உறுதிப்படுத்தினர்.

அப்பிரமாணத்திலே நமக்குத் தரப்பட்ட பெயரையும் அறிந்து கொள்ளுங்கள். தமிழர் என்ற சொல் அங்கில்லை. யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ மக்கள் என்றே இருக்கிறது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் அப்பெயராலேயே அழைத்தனர். இதனால், தம் பாட்டன் காணிக்கு உரிமை கேட்டு வந்த தமிழர், தாம் ‘மலபார்’ மக்களுள் ஒருவர் என்று நீதிமன்றத்திலே நிரூபிக்க வேண்டிய விந்தை இந்நாட்டில் நிகழ்ந்தது!

இன்னொன்று. காணியை விற்க எண்ணுபவர் முதலிலே பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒல்லாந்தர் காலத்திலே இவ்வறிவித்தல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலே வாசிக்கப்பட்டது. வீட்டிலே விபூதி பூசிய கமக்காரன், பக்கத்து வயல் விலைப்படுகிறதா என்று அறியத் தேவாலயத்து வாயிலிலே செவி கொடுத்து நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள்!

இச்செய்தி வெறும் வேடிக்கையன்று. காணி என்பது விலை கொடுப்பவன் எவனும் வாங்கிப் போகும் சரக்கு அன்று, அயலும் உறவும் சேர்ந்து காக்கும் உடைமை என்ற எண்ணம் அதிலே இருந்தது. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இம்முன்வாங்கும் உரிமையைச் சுருக்கிப் பங்காளர்க்கும் உரித்தாளர்க்கும் மட்டும் ஆக்கியது. அயற்காணிக்காரர் அந்த உரிமையை இழந்தனர்.

மானிப்பாயில் தமிழ் வைத்தியர்

வைத்தியர்கள் சிலரை முன்வரிசையிலே காண்கிறோம். இச்செய்தி அவர்களுக்குரியது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க முடியுமா என்று இன்றும் கேட்பவர் உண்டு. அக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயிலே விடை கூறப்பட்டுவிட்டது.

சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். முதலிலே ஆங்கிலத்திலேயே கற்பித்தார். விளைவு யாது? கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி கிடந்த இடத்திலேயே கிடந்தான். இதைக் கண்ட கிறீன், 1860ஐ அடுத்த ஆண்டுகளிலே தமிழுக்கு மாறினார். தமிழிலே கற்றவன் தமிழ்க் கிராமத்திலே நிற்பான் என்பது அவர் கணக்கு.

கற்பிக்க நூல் வேண்டுமே! அதற்காகத் தம் மாணவரையும் துணைக்கொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லண்டனிலே 1858ஆம் ஆண்டு வெளியான கிறே என்பவரின் உடற்கூற்று நூல் இன்றும் உலகெங்கும் பேர்பெற்றது. அதனைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872ஆம் ஆண்டிலே, பதினான்கே ஆண்டுகளில், தமிழிலே வந்துவிட்டது!

கிறீன் 1873ஆம் ஆண்டு தம் நாடு திரும்பினார். 1884ஆம் ஆண்டு காலமானார். தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருள்படும் ஆங்கில வாசகம், அவர் விருப்பப்படியே, அமெரிக்க மண்ணிலுள்ள அவருடைய கல்லறையிலே பொறிக்கப்பட்டுள்ளது.

அந்நியராகிய அவர் தொடங்கிய பணி அவர் சென்ற பின் நிலைபெறவில்லை. தமிழ் மருத்துவ வகுப்பைக் காக்க வேண்டியவர்கள் நாம். நாமோ பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும் கிடைத்தால் போதும் என்றிருந்தோம். தாய்மொழிக்கு உரிமை வேண்டும் என்று பிற்காலத்திலே முழங்கிய நாம், கையிலிருந்த உரிமையை முன்பு நழுவவிட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்கா சென்ற வல்வெட்டித்துறைக் கப்பல்

இனி ஒரு கடற்செய்தி. வல்வெட்டித்துறையிலே நம் ஓடாவிமார் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. அதனை 1930களில் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். அவர் சிறு பாய்க்கலம் ஒன்றிலே உலகைச் சுற்றி வந்தவர். கப்பலின் தரம் அறிந்தவர். உலகத்துத் துறைமுகங்கள் பலவற்றைக் கண்ட அவர், தமக்கேற்ற கப்பலைத் தெரிந்தெடுத்தது நம் வடமராட்சிக் கரையிலே!

கப்பலுக்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டது. அதை அமெரிக்காவிற்குச் செலுத்திச் சென்றவர் யார்? தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு சென்ற வல்வெட்டித்துறை மாலுமிகளும். செங்கடலைக் கடந்து, சுயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலிலே புகுந்து, கிப்றால்ரரைத் தாண்டி, அத்திலாந்திக் சமுத்திரத்திலே பாய் விரித்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்து குளொஸ்ரர் துறைமுகத்தை அவர்கள் அடைந்தனர்.

நாம் கடலோடிய இனம் என்று பாட்டாகவும் பேச்சாகவும் கூறுகிறோம். சோழர் கலத்தைப் பற்றிக் கேட்டால் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். நம் பாட்டனார் காலத்திலே அத்திலாந்திக்கைக் கடந்த அன்னபூரணியைப் பற்றிக் கேட்டால் பட்டதாரியும் விழிக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெருமைக்குக் கவிஞர் சான்று. இதற்கோ துறைமுகத்துப் பதிவேடும் பத்திரிகைச் செய்தியும் சான்று. எதை முதலிலே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

மடித்து வைத்த பக்கம்

இதுவரை நீங்கள் கைதட்டினீர்கள். இனிக் கைதட்ட மாட்டீர்கள் என்பது தெரிந்தே சொல்கிறோம். உறுதியின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவோம்.

தேசவழமையைப் பாராட்டினோம். அத்தேசவழமையிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. இன்னின்னார் அடிமைகள், அவர்களுடைய பிள்ளைகள் யாருக்குரியவர் என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. ஒல்லாந்தன் தன் கற்பனையிலே அதை எழுதவில்லை. நம்மிடையே இருந்ததையே எழுதினான். பன்னிரண்டு முதலிமாரும் படித்துச் சரியென்றார்கள். அடிமை முறை இந்நாட்டிலே சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான். அதை ஒழித்ததும் நாமல்லோம்.

தாய்மார்களே! 1911ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளையும் உரித்துரிமைகளையும் வகுக்க ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. தந்தையும் தாயும் சீதனமாகக் கொடுத்த காணியாயினும், கணவனின் எழுத்துமூல இசைவின்றி மனைவி அதனை விற்க இயலாது என்று அச்சட்டம் கூறிற்று. சீதனம் பெண்ணின் சொத்து என்று பெருமை பேசிய நாட்டிலே, பேனை கணவன் கையிலேயே இருந்தது!

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலே இதனை முதன்முதல் பெற்ற நாடுகளிலே இலங்கையும் ஒன்று. அத்தேர்தலிலே யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் தெரிவு செய்யப்படவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரம் செய்தது. காரணம் யாது? வடக்கிற்கு ஏதோ குறைந்துவிட்டது என்பதன்று. இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம் தரப்படவில்லை என்பதே! முழு நாட்டிற்காகவும் தன் ஆசனங்களை வெறுமையாக விட்டது யாழ்ப்பாணம். 1934ஆம் ஆண்டு வரை அவை வெறுமையாகவே இருந்தன. தமிழர் எக்காலத்திலும் தம்மையே எண்ணினர் என்று பழிப்பவர்க்கு இது தக்க விடை.

இச்செய்தியின் மறுபக்கம் என்ன? அவ்வாக்குரிமை எல்லோர்க்கும் கூடாது என்று எதிர்த்துப் பேசியவர்களிலே முதன்மையானவர் நம் பெருந்தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கல்லூரிகள் அமைத்த கொடையாளர்; சிறந்த வழக்கறிஞர். அவர் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும், பெண்களுக்கும் ஏழைகளுக்கும் வாக்களிப்பதை அவர் எதிர்த்தார் என்பதும் சரித்திரமே. மேலும், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட நம் சகோதரர் கையிலே முதன்முதல் வாக்குச்சீட்டு வந்த வேளையிலே, நம் பகிஷ்காரம் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பையும் தள்ளிப் போட்டது.

ஏறக்குறைய அதே காலத்திலே, பள்ளிக்கூடங்களிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்திலே இருக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் கட்டளையிட்டது. தரையிலே இருந்த பிள்ளை வாங்கிலே ஏறியது. அதைப் பொறாதவர்கள், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, இக்குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் சிலவற்றைத் தீக்கிரையாக்கினர். தீ வைத்தவர் பறங்கியருமல்லர், சிங்களவருமல்லர்.

இதனை ஏன் இங்கே சொல்ல வேண்டும் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பகைவனுக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். நாம் கற்ற சட்டத்திலே ஒரு விதி உண்டு. நீதி கேட்டு வருபவன் தூய கையோடு வர வேண்டும். நாமே நம் பிழையை எடுத்துரைத்தால் அது நேர்மை. எதிர்க்கட்சி எடுத்துரைத்தால் அது குறுக்கு விசாரணை. எது நமக்கு நல்லது?

எரிந்ததும் பிழைத்ததும்

தீயைப் பற்றிப் பேசினோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது.

அந்நூலகம் எவ்வாறு பிறந்தது? நீதிமன்றத்திலே உத்தியோகம் பார்த்த க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே நூல்களை வைத்து அயலவர்க்குப் படிக்கக் கொடுத்தார். அம்முயற்சி ஊராரின் ஆதரவோடு வளர்ந்து, 1934ஆம் ஆண்டு வாடகை அறையிலே 844 நூல்களோடு பொது நூலகமாயிற்று. இவ்வாசிகசாலையிலுள்ள அலுமாரிகளை எண்ணிப் பாருங்கள். அவர் தொடங்கிய பொழுது இதற்கு மேல் வைத்திருந்தார் அல்லர்! 1959ஆம் ஆண்டு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே முடிந்து ஜூன் பிறந்த அந்நாள்களிலே, பொலிஸ் படையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அதனைக் கொளுத்தினர். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின.

அத்தீயைப் பற்றிப் பேசும் போது, யாழ்ப்பாண வைபவமாலை என்றென்றைக்கும் அழிந்துவிட்டது என்று சிலர் கண்ணீர் வடிக்கின்றனர். அன்பர்களே, அந்நூல் அழியவில்லை! ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் எழுதிய அந்நூலை, பிறிற்றோ என்பவர் 1879ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்திலே பெயர்த்து வெளியிட்டார். குல. சபாநாதன் தமிழிலே அச்சிட்டார். ஏடு எரிந்திருக்கலாம், நூல் பிழைத்தது. படியெடுக்காத ஏடுகளோ, இருந்தன என்பதற்கும் சான்றில்லாமல் போயின. படியெடுத்தது பிழைக்கும், பூட்டி வைத்தது எரியும் என்பதே அத்தீ நமக்குக் கற்பித்த பாடம்.

இப்பாடம் நூலுக்கு மட்டும் உரியதன்று. வலிகாமம் வடக்கு மக்கள் 1990ஆம் ஆண்டு தம் ஊர்களை விட்டு ஓடினர். 2013ஆம் ஆண்டு அங்கே 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. சொந்தக்காரரை அடையாளம் காண இயலவில்லை என்று அதற்கு விளக்கமும் கூறப்பட்டது. சொந்தக்காரரோ அயற்கிராமங்களிலும் முகாம்களிலும் உயிரோடிருந்தனர்! அவர்கள் உறுதிகளோடு நீதிமன்றம் சென்றனர். பின்னர் சில பகுதிகள் விடுவிக்கப்பட்ட பொழுது, வேலியில்லை, ஒழுங்கையில்லை, கிணறு இருந்த இடமும் தெரியவில்லை. பெட்டகத்திலே இருந்த காகிதமும் கிழவர் நெஞ்சிலே இருந்த நினைவுமே எல்லையைக் காட்டின. சிறு செய்தி என்று எதைத் தள்ளுவோம்?

நாம் கேட்பது

ஆகவே, இவ்வாசிகசாலையின் இளைஞர்களிடம் நாம் கேட்பது மாலையும் பொன்னாடையும் அன்று. மூன்று காரியங்கள் கேட்கிறோம்.

ஒன்று, இவ்வூர்க் குளங்கள், கிணறுகள், ஒழுங்கைகள், தோட்டத் துண்டுகள் ஆகியவற்றின் பழம்பெயர்களை முதியோரிடம் கேட்டு ஒரு கொப்பியிலே எழுதுங்கள். கிழவர் ஒருவர் கண்மூடும் தோறும் நாலு பெயர் மறைகிறது.

இரண்டு, பெட்டகங்களைத் திறக்கச் செய்யுங்கள். ஏடுகள், உறுதிகள், மலாயாவிலிருந்து பாட்டனார் எழுதிய கடிதங்கள், வைத்தியர் எழுதிய வாகடங்கள், எதுவாயினும் படமெடுத்து வையுங்கள். மூலத்தை உரியவரிடமே கொடுத்துவிடுங்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இவ்வாறே படியெடுத்து உலகெங்கும் படிக்கத் தந்திருக்கிறது. வெளிநாடு சென்ற நம் பிள்ளைகளும் இதற்குத் தோள் கொடுக்கலாம். உத்தியோகத்தர் கையெழுத்துத் தரட்டும்; கமக்காரர் செய்தி தரட்டும்.

மூன்று, இதுவே கடினமானது. எழுதும் பொழுது எதையும் மடித்து வைக்காதீர்கள். எந்தக் கோயிலுக்குள்ளே யார் எந்த ஆண்டு வரை நுழைய முடியவில்லை, எந்தக் கிணற்றிலே யாருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்பதையும் அதே கொப்பியிலே, அதே மையினாலே எழுதுங்கள். நம்மவர் கட்டிய கப்பலும் நம்மவர் எரித்த பள்ளியும் ஒரே ஏட்டிலே இருக்கட்டும். அவ்வேட்டை நம்பி எவரும் தீர்ப்புச் சொல்லலாம்.

எமது கட்சிக்காரர் வேலியைப் பிரித்தார் என்றோம் அல்லவா? சில மாதம் கழித்து அவ்வழியே சென்றோம். அந்த நடைபாதையாலே அயல்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வாய்க்காலிலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் சிரித்தார்.

நேரம் பிந்திவிட்டது. நாளை இறைப்பு முறை உள்ளவர்கள் விடியமுன் எழ வேண்டும்.